பறை முதல் கைப்பேசி வரை: கொல்லிமலை நோக்கில் இடரறிவிப்பின் வரலாறு

முன்னுரை

சங்கப் புலவர்களாற் பெரிதும் பாடப்பெற்ற மலைகளுள் கொல்லிமலை ஒன்று. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரர்க்கு உரிமையாக்கினான் என்பது அகநானூற்றால் அறியப்படும் செய்தி. அம்மலையிலிருந்ததாகக் கூறப்பெறும் பாவையைப் பற்றிய குறிப்புகள் தொகை நூல்களிற் பல இடங்களில் வருகின்றன. அவற்றுள் பரணர் பாடிய நற்றிணை 201 ஆம் பாட்டு ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியது. காற்று, கடுமழை, இடி, நில அதிர்ச்சி என மலைக்கு வரும் இடர்களைப் புலவர் நிரல்பட எண்ணுகின்றார். அவற்றுள் எதனாலும் பாவையின் உருக் கெடாது என்கின்றார். தலைவியின் நினைவு தலைவன் நெஞ்சினின்றும் நீங்காமைக்கு இஃது உவமையாயிற்று.

அகப்பொருட்கு அமைந்த இவ்வுவமையை வரலாற்று நோக்கிற் காண்பார்க்கு வேறோர் உண்மையும் புலனாகும். கொல்லிமலைக்குரிய வானிடர்களின் பட்டியல் ஒன்று ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழில் எழுந்துள்ளது என்பதே அது. பாவைக்கு அவற்றால் ஊறில்லை. மலையில் வாழும் மக்களோ பாவையல்லர். காற்றும் மழையும் இடியும் வருமுன் அவர்க்கு அதனை யார் உரைப்பர், எவ்வாறு உரைப்பர் என்னும் வினா அப்பாட்டினுள் எழவில்லை. நம் காலத்தில் எழுந்துள்ளது.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, ஆலத்தூர் நாடு முதலாக அதன் ஊராட்சிகள் 14. அவை யாவும் ‘நாடு’ என்னும் பெயரையே தாங்கி நிற்றல் நோக்கத்தக்கது. சோழர் கல்வெட்டுகளில் ஊர்த்தொகுதியைக் குறித்த அச்சொல், சமவெளியில் ஆட்சிப் பெயராக வழக்கொழிந்த பின்னரும், மலையில் உயிருடன் உள்ளது. அந்நாடுகளுள் ஒன்றாகிய ஆலத்தூர் நாட்டை அளவுகோலாக நிறுத்தி, இடரறிவிப்பின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கைப்பேசிக்கு உடனுக்குடன் வரும் இடமறி எச்சரிக்கை அவ்வரலாற்றின் அண்மைப் படியாகும். அது புதுமையா, பழமையின் மீட்சியா என்பதும், அதன்கண் குறையாக நிற்பது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலத்தையும் பொழுதையும் ஆகும். இவ்விரண்டும் இன்றி எந்நிகழ்ச்சியும் இல்லை என்பது அவர் கொள்கை. செய்யுட்கு வகுத்த இம்முறை இடரறிவிப்பிற்கும் பொருந்துதல் காண்க. ‘மழை வரும்’ என்பது செய்தி; ‘இம்மலைச்சரிவில், இன்று மாலைக்குள், பெருமழை வரும்’ என்பது எச்சரிக்கை. நிலமும் பொழுதும் சுட்டாத அறிவிப்பு, கேட்போரைச் செயற்படுத்தாது.

பண்டையோர் வானிற் குறிகண்டு வருவது உரைத்தனர். வெள்ளிக்கோள் தெற்கே செல்லுதலும், வானிற் புகைக்குறி தோன்றுதலும் வறட்சிக்கு அறிகுறியாகக் கொள்ளப்பட்டன என்பது கபிலர் பாடிய புறநானூற்று 117 ஆம் பாட்டால் விளங்கும். பரிபாடல் 11 ஆம் பாட்டில் நல்லந்துவனார் கோள்நிலையைக் கூறி வையையில் நீர் பெருகுதலை அதனோடு இயைக்கின்றார். இவை பருவத்தைப் பற்றிய கணிப்புகள். நாடு முழுவதற்கும் பொதுவாயவை. இன்ன சரிவு, இன்ன நாழிகை எனச் சுட்டும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை.

முரசும் பறையும்

அறிவிப்பிற்குரிய கருவியாகத் தமிழர் கைக்கொண்டது முரசும் பறையும் ஆகும். தொல்காப்பியர் கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணினார். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தற்கு மீன்கோட்பறை என நிலந்தோறும் பறையை வேறுபடுத்திக் காட்டினர். ஒலி கேட்ட அளவில் நிலம் இன்னது என அறியப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

இடர் வருமுன் மக்களை விலகுமாறு உரைத்தமைக்குச் சங்க இலக்கியத்தில் ஒரு சான்று உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9 ஆம் பாட்டே அது. போர் தொடங்குமுன், ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் காப்பிடம் சேருமாறு அரசன் முன்னரே அறிவித்த அறநெறி அதன்கண் போற்றப்படுகின்றது. இடர் இன்னது, காக்கப்பட வேண்டியோர் இன்னார், செய்யற்பாலது இன்னது என்னும் மூன்று கூறுகளும் அவ்வறிவிப்பில் இருத்தல் கருதற்பாலது. இடர் வானினின்று வரவில்லை, அரசனிடமிருந்தே வந்தது என்பது மட்டுமே வேற்றுமை.

மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன் யானைமீது முரசை ஏற்றி நகர் முழுவதும் அறிவிக்கின்றான். அவ்வறிவிப்பு எவருடைய பெயரையும் சுட்டி வாராது. முரசொலி எட்டும் எல்லைக்குள் உறைவோர் அனைவர்க்கும் அது உரியது. ஊரிலுள்ளவனுக்கும் அன்று வந்த வழிப்போக்கனுக்கும் ஒன்றே. பெயரறியாது, இடம் நோக்கி அறிவிக்கும் இப்பண்பே பறையின் சிறப்பு. இதனைப் பின்னர் நினைவுகூர்வாம்.

எனினும் பறையறிவிப்பின் வரலாற்றில் மறைத்தற்கரிய ஓர் இருட்பகுதியும் உண்டு. தண்டோராப் போடும் தொழிலைப் பிறப்பின்வழி ஒரு சாராரின் தலையிற் சுமத்தி, அவர் உரைத்த செய்தியால் ஊர் பயன்பெற்று, உரைத்தோரை மட்டும் ஊர்க்குப் புறத்தே நிறுத்தியது சமுதாயம். 2022 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்கட்கு எழுதினார். ஆதலின், பறையின் கொள்கையைப் போற்றுவோர் அதனோடு ஒட்டிவந்த கொடுமையையும் போற்றலாகாது. யாரையும் தாழ்த்தாமல் எல்லார்க்கும் எட்டும் ஒரு பறை தேவை என்பதே வரலாறு உணர்த்துவது.

துறைமுகக் கூண்டுகள்

அறிவியல் முறையிலான வானிலை நோக்கு தமிழகத்திற் சென்னையில் வேரூன்றியது. 1792இல் கிழக்கிந்தியக் குழுமத்தார் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தனர். ஆயினும் புயலை முன்னறிந்து உரைக்கும் முறை பேரழிவின் பின்னரே தோன்றிற்று. 1864 அக்டோபரில் கல்கத்தாவையும், நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் தாக்கப் பல்லாயிரவர் மாண்டனர். அடுத்த ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயலெச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது, எச்.எஃப். பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவராயினார்.

துறைமுகங்களில் கொடிமரத்தே ஏற்றப்பெற்ற குறிகளைத் தமிழ் மக்கள் ‘புயலெச்சரிக்கைக் கூண்டு’ என்றனர். ‘ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்னும் தொடர் இன்றும் செய்தித்தாள்களில் வழங்குகின்றது. பகலில் உருளையும் கூம்பும் போன்ற வடிவங்களும், இரவில் வண்ண விளக்குகளும் குறிகளாயின. அக்கூண்டுகள் 11 வகைப்படும். 8, 9, 10 ஆகியவை பேரிடரைக் குறிப்பன. பதினோராவது கூண்டின் பொருளே வியப்பிற்குரியது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இவ்விடத்து அலுவலர் இடர் உண்டெனக் கருதுகின்றார் என்பதே அதன் பொருள். செய்தி வாராமையையே ஒரு செய்தியாக்கி, மௌனத்தையே எச்சரிக்கையாக மாற்றியது அக்குறி. இடரறிவிப்பின் வரலாற்றில் இதனினும் நுண்ணிய கருத்து பிறிதொன்று உண்டோ என்பது ஐயம்.

ஆயினும் கூண்டுகளின் எல்லை துறைமுகமே. அவை கலஞ்செலுத்துவோர்க்கு அமைந்தவை. கடலினின்று நெடுந்தொலைவிலுள்ள கொல்லிமலைக்கு அவற்றாற் பயனில்லை. கப்பலும் சரக்கும் வாணிகத்தின் உடைமைகளாதலின் முதலிற் காக்கப்பெற்றன. மலையும் வயலும் பின்னர்க்கு விடப்பட்டன.

தனுஷ்கோடியும் செயற்கைக்கோளும்

1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கிற்று. 1945இல் உழவர்க்கான வானிலை அறிக்கையை வானொலி வாயிலாக ஒலிபரப்பும் முறை எழுந்தது. அப்பொழுதுதான் அறிவிப்பு உள்நாட்டினுள் நுழைந்தது எனலாம். ஆயினும் வானொலி பேசுவது ஒரு பெருமண்டலம் முழுவதற்கும். கேட்பவனோ தன் ஓர் ஊரில் இருப்பவன்.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு தனுஷ்கோடிக்கு நேர்ந்தது தமிழ் மக்கள் மறவாதது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி பேரலையிற் சிக்கி, அதனுள் இருந்தோர் மாண்டனர்; ஊரும் அழிந்தது. கடலிற் புயல் உண்டு என்னும் பொதுவறிவு வேறு. இவ்விருப்புப்பாதையில் இந்நேரத்தில் வண்டி செல்லலாகாது என்னும் சிறப்பறிவு வேறு. பின்னது உரியார்க்கு உரிய பொழுதில் எட்டாமையின் கேட்டிற்கு அந்நிகழ்ச்சி என்றும் சான்றாய் நிற்கும். 1977 நவம்பரில் ஆந்திரக் கடற்கரையில் திவிசீமையைத் தாக்கிய புயலும் பெருவெள்ள அலையும் பதினாயிரம் அளவினரைக் கொன்றன.

இவற்றின் பின் எழுந்த ஒரு முயற்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. 1980களில் இன்சாட் செயற்கைக்கோளின் துணைகொண்டு, தமிழ்நாடு, ஆந்திரம் ஆகியவற்றின் கடலோரத்தே எச்சரிக்கை ஏற்பிகள் அமைக்கப்பெற்றன. அவை தனிக் குறியெண் உடையவை. புயல் எம்மாவட்டத்தை நோக்கி வருகின்றதோ அம்மாவட்டத்து ஏற்பிகளை மட்டும் வானிலைத் துறையினர் இயக்கலாம். அவ்வேற்பி முதலில் ஊளையொலி எழுப்பும். பின்னர் அவ்வட்டார மொழியில் எச்சரிக்கை ஒலிக்கும். இன்று கைப்பேசியில் நிகழும் இடமறி எச்சரிக்கையின் மூன்று இலக்கணங்களாகிய இடத்தேர்வு, விழிப்பொலி, தாய்மொழி ஆகியவை அக்கருவியிலேயே அமைந்திருந்தன. ஏற்பிகள் அலுவலகங்களில் நின்றன என்பதும், அங்கிருந்து குடிசை வரை செல்லும் வழி மனிதர் கையிலேயே இருந்தது என்பதும் அதன் எல்லைகள்.

நல்லவாடும் ஒக்கியும்

தொலைபேசி உயிர்காத்த ஒரு நிகழ்ச்சியையும், அது எட்டாமையால் உயிர்கள் அழிந்த ஒரு நிகழ்ச்சியையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதல் நலம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்த காலையில், புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊர்க்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்குப் பணியாற்றிய அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தம்மவரை எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கிற்று. மக்கள் கரையினின்று விலகி உயிர் தப்பினர். ஒரு பேசியின் ஒலி ஒருவர் செவிக்கே எட்டியது. ஒலிபெருக்கியே அதனை ஊர்க்கு உரியதாக்கிற்று.

2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் எழுந்த ஒக்கி ஒரு நாளளவில் புயலாக வலுப்பெற்றது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் அதற்குப் பன்னாட்களுக்கு முன்னரே கடலிற் சென்றிருந்தனர். கைப்பேசியின் அலை கரையிலிருந்து சில கல் தொலைவே செல்லும். எச்சரிக்கை கரையில் நின்றது, மனிதர் கடலில் நின்றனர். அதன் பின்னரே செயற்கைக்கோள் வழி ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019இல் அறிமுகமாயிற்று.

கடலுக்குரிய இப்பாடம் மலைக்கும் உரியது. ஆழ்கடலும் ஆழ்பள்ளத்தாக்கும் அலைக்கோபுரத்தின் கண்ணுக்குப் படாத இடங்களே.

பெயரறியாப் பறை

அண்மைக்கால முறையை இனி நோக்குவாம். கைப்பேசிக்கு எச்சரிக்கை செல்லும் வழிகள் மூன்று. முதலாவது குறுஞ்செய்தி. இஃது எண் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே செல்வது. இலக்கக்கணக்கானோர்க்கு ஒரே நேரத்தில் அனுப்பும்போது வரிசையில் நின்று தாழ்க்கும். இரண்டாவது செயலி. தமிழ்நாடு அரசின் ‘டிஎன் ஸ்மார்ட்’, மின்னலுக்கெனப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ ஆகியவை இவ்வகையின. தாமினி ஒருவர் நிற்கும் இடத்தைச் சுற்றி நிகழும் மின்னலைக் காட்டும். ஆயினும் அதனை முன்னரே பதிவிறக்கி வைத்தோர்க்கே அது பயன்படும்.

மூன்றாவது ‘செல் பிராட்காஸ்ட்’ எனப்பெறும் முறை. இதனை ஈண்டுப் ‘பரப்பறிவிப்பு’ எனக் குறிப்பாம். இடர் வரும் பகுதியை நிலப்படத்தில் எல்லைகட்டி வரைய, அவ்வெல்லைக்குள் உள்ள அலைக்கோபுரங்கள் மட்டும் செய்தியைப் பரப்பும். கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் பேசிகள் அனைத்தும் ஒருங்கே அதனைப் பெறும். எவர் எண்ணும் தேவையில்லை. அலைவழியில் நெருக்கடி மிக்க பொழுதும் தாழ்ப்பதில்லை. ஒலியடக்கி வைத்த பேசியும் தனியொலி எழுப்பும். செய்தி மீண்டும் மீண்டும் பரப்பப்பெறுதலின், சிறிது நேரம் கழித்து அவ்வெல்லைக்குள் வருவோனும் அதனைப் பெறுவான்.

முரசறைவோனின் இயல்பை இதனோடு ஒப்பிடுக. பெயரறியாமை, எல்லைக்குள் உள்ளோர் அனைவர்க்கும் உரிமையுடைமை, வழிப்போக்கனுக்கும் எட்டுதல், திரும்பத் திரும்ப அறைதல் என்னும் நான்கும் இரண்டிற்கும் பொது. ஆதலின் பரப்பறிவிப்பு புதுமையே எனினும் அதன் கொள்கை பழமையானது. பறையின் மீட்சியே அது. பறையறைந்தோர்மேற் சுமத்திய இழிவு மட்டும் இதன்கண் இல்லை. யாவர் கேட்டனர் என்பதை அறிவித்தோன் அறியான் என்னும் குறையும் இரண்டிற்கும் பொதுவே.

ஜப்பான் 2007இல் நிலநடுக்க எச்சரிக்கைக்கு இம்முறையைக் கையாளத் தொடங்கிற்று. நெதர்லாந்தும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் 2012இல் நடைமுறைக்குக் கொணர்ந்தன. எச்சரிக்கையின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் பொது நெறிமுறை ஒன்றை 2007இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. நிகழ்ச்சி, அதன் விரைவு, கடுமை, உறுதிப்பாடு, நிலப்பரப்பு, செய்யற்பாலது என ஒவ்வொன்றையும் அது பிரித்து வைக்கின்றது. முதுகுடுமியின் அறிவிப்பிலும் தொல்காப்பியர் முதற்பொருளிலும் நாம் கண்ட கூறுகளே அவை என்பது வெளிப்படை. அந்நெறியைத் தழுவி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சி-டாட் நிறுவனமும் ‘சாசெட்’ என்னும் அமைப்பை இந்தியாவில் உருவாக்கின. வானிலைத் துறை முதலியோர் தரும் செய்தியை மாநில ஆணையம் ஆய்ந்து, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வழியே குறித்த பகுதிக்கு அனுப்பும் அமைப்பு அது. 2023இல் பரப்பறிவிப்புச் சோதனைகள் நாடெங்கும் நடைபெற்றன. அன்று பலரின் கைப்பேசிகள் ஒருங்கே ஊளையிட்டமையை இக்கட்டுரையைப் படிப்போருள் பலர் நினைவுகூர்வர்.

மலையின் இயல்பு

இனி அளவுகோலாகிய மலைக்கு வருவாம். கொல்லிமலை சமவெளியினின்றும் செங்குத்தாக எழுந்து, உச்சியில் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையதாய் நிற்பது. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70. அறப்பளீசுவரர் கோயிலை அடுத்து ஐயாறு அருவியாய் வீழ்கின்றது. அதனை ஆகாயகங்கை என்பர். மழை மிகும்பொழுது அருவி நொடியிற் பெருகும். பாதையிற் பாறை சரியும். திறந்த வயலில் நிற்போர்க்கு மின்னல் கூற்றாகும்.

இவ்விடர்கள் யாவும் சிறிய இடத்தன, குறுகிய பொழுதின. புயல் நாட்கணக்கில் வருவது. கோடைக்கால இடிமழை நாழிகைக் கணக்கில் எழுந்து அடங்குவது. வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்திற்கு மாவட்டவாரியாக உடனடிக் கணிப்பு வெளியிடுகின்றது. நாமக்கல் மாவட்டம் எனச் சுட்டும்பொழுது காவிரிக்கரையும் கொல்லிமலை உச்சியும் ஒரே பெயருள் அடங்குகின்றன. காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்தலால் மலையிற் பெய்யும் மழை அடிவாரத்தில் இல்லாதொழிதலும் உண்டு. மாவட்டப் பெயர் ஈண்டு நிலத்தைச் சுட்டவில்லை, ஆட்சியையே சுட்டுகின்றது.

கருவியின் பார்வைக்கும் மலை தடையாகும். இந்தியாவின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002இல் சென்னையில் அமைந்தது. பின்னர்க் காரைக்காலிலும் ஒன்று நிறுவப்பெற்றது. கொல்லிமலை சென்னைக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டரும், காரைக்காலுக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டரும் தொலைவு. நிலவுருண்டையின் வளைவால் ரேடாரின் கதிர் செல்லச்செல்ல நிலத்தினின்றும் உயர்ந்துவிடும். அரைப் பாகை சாய்வில் எழும் கதிர் 170 கிலோமீட்டரில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே திரளும் மேகம் அக்கதிருக்குப் புலப்படாது. கைப்பேசியின் அலையும் நேர்கோட்டை விரும்புவது. மலைமடிப்பின் நிழலில் அது நலியும். காண்பதற்கும் அறிவிப்பதற்கும் ஒருங்கே அரிதாய இடம் மலை என்பது இதனாற் போதரும்.

பதினோராம் கூண்டின் இன்மை

ஈண்டே நம் ஆராய்ச்சியின் மையக் கருத்து எழுகின்றது. 2018 நவம்பரில் கஜாப் புயல் காவிரிப் படுகையைத் தாக்கியபொழுது மின்கம்பங்கள் பெருந்தொகையாக வீழ்ந்தன. பல ஊர்களிற் பேசித் தொடர்பும் அறுந்தது. பழைய துறைமுக முறையாயின், தொடர்பற்ற நிலையைக் காட்டப் பதினோராம் கூண்டு ஏறியிருக்கும். கைப்பேசியில் அத்தகைய கூண்டு இல்லை. தொடர்பற்ற பேசி வாளா கிடக்கின்றது. அதன் மூலையில் ஒரு சிறுகுறி தோன்றினும் அதனை எவரும் இடரென்று கொள்வதில்லை. எச்சரிக்கை வாராமையை இடரின்மையாகக் கருதும் பழக்கம் பேசியை நம்பும் அளவிற்கு வளர்கின்றது. கருவி வலுப்பெறுந்தோறும் அதன் மௌனம் மிகுதியாக ஏமாற்றும்.

ஆலத்தூர் நாடு போன்ற மலைநாடுகட்கு இஃது உயிர்நிலையான செய்தி. கருமேகம் சூழ்ந்து இடி முழங்கும் பொழுதில் பேசியின் தொடர்பு அறுமாயின், அவ்வறுதலையே எச்சரிக்கையாகக் கொள்ளும் மரபு ஊரில் வேரூன்றல் வேண்டும். அதற்குப் பேரறிவியல் தேவையில்லை. ஊர்தோறும் ஓர் ஒலிபெருக்கியும், அதனை இயக்க மின்கலமும், ‘தொடர்பற்றது, பாதையில் இறங்கற்க, அருவிப்பக்கம் செல்லற்க’ எனக் கூறும் பொறுப்புடைய ஒருவரும் போதும். நல்லவாட்டில் உயிர்காத்தது இவ்விணைப்பே. மலையாளிப் பழங்குடியினரிடையே ஊர்க்கவுண்டர் என்னும் தலைமை மரபு உண்டு. ஊராட்சியின் அமைப்பும் இன்று உண்டு. பொறுப்பு எவரிடம் நிற்பினும், அது இழிந்த தொழிலாக ஒருவர்மேற் சுமத்தப்பெறாது, மதிப்புடைய பணியாக விளங்குதல் வேண்டும்.

எச்சரிக்கையின் மொழி

தமிழாராய்வோர்க்குரிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. ‘எச்சரிக்கை’ என்னும் சொல் கன்னடத்தும் தெலுங்கிலும் வழங்கும் சொற்களோடு உறவுடையது. கன்னடத்தில் ‘எச்சர’ என்பது விழிப்பு. ஆகவே எச்சரித்தல் என்பதன் கருத்து அச்சுறுத்தல் அன்று, விழிக்கச் செய்தலே ஆகும். இன்றைய அறிவிப்புச் சொற்கள் விழிக்கச் செய்கின்றனவா என்பது வினா.

‘கனமழை’, ‘மிக கனமழை’, ‘அதி கனமழை’ என மூன்று படிகள் வழங்குகின்றன. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தல் முதலாவது, 204.4 வரை இரண்டாவது, 204.5 முதல் மேற்பட்டது மூன்றாவது. துறையினர்க்கு இவை அளவுகள். பொதுமக்கள் செவிக்கு ‘மிக’ என்பதும் ‘அதி’ என்பதும் ஒரு பொருட் சொற்களே. அவ்விரண்டற்கும் இடையே ஓர் ஊரின் வாழ்வும் அழிவும் கிடக்கின்றன என்பது அச்சொற்களால் விளங்குவதில்லை.

‘ஓரிரு இடங்களில்’ என்பதும் அத்தகையது. குறித்த பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களுள் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் என்பதே அதன் கலைப்பொருள். கேட்பவனோ, தன்னூர் அவ்வோரிரண்டனுள் ஒன்றோ அன்றோ என மயங்குகின்றான். வண்ணங்களை நோக்கினும் இடர்ப்பாடு உண்டு. ‘மஞ்சள்’ என்றவுடன் தமிழர் உள்ளம் மங்கலத்தை நினைக்கும், விழிப்பை நினையாது.

ஆதலின் கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கை வினையால் முடிதல் நன்று. அளவும் வண்ணமும் பின்னிற்க, ‘மலைப்பாதையில் இறங்க வேண்டா’, ‘மரத்தடியில் நிற்க வேண்டா’ என்னும் ஏவல்கள் முன்னிற்றல் வேண்டும். மாவட்டப் பெயர்க்கு மாறாக நாட்டின் பெயர் வருதல் வேண்டும். ‘ஆலத்தூர் நாடு’ என்னும் இரு சொற்கள் திரையில் தோன்றுமாயின், அந்நாட்டார் அதனைத் தமக்குரியதென அறிவர். நிலப்படத்தில் எல்லை வரையும் கருவிக்கு அப்பெயரைச் சேர்த்தல் அரிய செயலன்று.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. இடரறிவிப்பின் வரலாறு, பெருநிலத்தினின்றும் சிற்றிடத்திற்கு, நெடும்பொழுதினின்றும் குறும்பொழுதிற்கு நகர்ந்து வந்த வரலாறு ஆகும். பறை ஒலி எட்டிய எல்லையைக் காத்தது. கூண்டு துறைமுகத்தைக் காத்தது. வானொலி மண்டலத்திற்குப் பேசிற்று. இன்சாட் ஏற்பி மாவட்டத்தைத் தேர்ந்தது. பரப்பறிவிப்பு ஒரு கோபுரத்தின் நிழலைத் தேர வல்லதாயிற்று. இப்படிகளுட் சில பேரழிவின் பின்னரே எழுந்தன என்பது வருந்தத்தக்கது. கடல்சார் இடர்களே அறிவிப்பு முறைகளைப் பெரிதும் வடித்தன. மலைக்கு வேண்டுவனவற்றை அழிவு வந்து கற்பிக்கும் வரை காத்திருத்தல் அறிவுடைமை ஆகாது.

மலைக்கு வேண்டுவன மூன்று: நாட்டின் பெயரால் நிலஞ்சுட்டல், செயலைச் சுட்டும் தெளிதமிழ், மௌனத்தை எச்சரிக்கையாகக் கொள்ளும் பதினோராம் கூண்டு. முன்னைய இரண்டும் அறிவிப்போர் கடமை. மூன்றாவது கேட்போரும் சேர்ந்து ஆற்றுவது. கொல்லிப்பாவை காற்றையும் மழையையும் இடியையும் அசையாது நின்று வென்றது எனப் பரணர் பாடினார். மனிதர் அவற்றை வெல்வது அசையாமையால் அன்று. உரிய பொழுதில் விழித்து, உரிய இடத்தினின்றும் அசைதலாலேயே ஆகும்.